நான்கு பூனைகளும் ஒரு டிரேயும்

“திங்கட்கிழமை, காலை 6.40. பித்தான் பால் குடிக்கவில்லை. உடம்பு இளைத்திருக்கிறது. வயிறு மட்டும் பெருத்திருக்கிறது.”

இரண்டு மாதத்துக்கு முன் என் நோட்டில் நான் எழுதிய குறிப்பு இது. பித்தான் என்பது மூன்று மாதக் குட்டிப் பூனை. வெள்ளை உடம்பு, முதுகில் சட்டைப் பித்தான் போல வட்டமாக ஒரு கறுப்புப் புள்ளி. வேறென்ன பெயர் வைப்பது?

பூனை பால் குடிக்காததையெல்லாமா மணி போட்டு எழுதுவீர்கள் என்று கேட்காதீர்கள். முப்பத்தொரு வருடம் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் — இதைத் தவிர வேறு வேலையே பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபின் ஆட்கள் போய்விட்டார்கள், பழக்கம் போகவில்லை. இப்போது மழை, மின்தடை, தண்ணீர் விட்ட நேரம், பூனைகள்.

திருப்பூர் மண்ணரையில் நான் குடியிருக்கும் காம்பவுண்டில் ஆறு வீடுகள் வரிசையாக இருக்கின்றன. உரிமையாளர் ஈஸ்வரியம்மா. முன்பக்கம் அவருடைய வீடு, பக்கத்திலேயே பன்னிரண்டு மெஷின் போட்டு ஒரு பவர் டேபிள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட். துணி இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில்...

ஆமாம். நான்கு பூனைகள். ஈஸ்வரியம்மாவின் ஆண் பூனை செவலை. நாலாம் வீட்டு ஸ்டெல்லாவின் காலர், அதன் குட்டி பித்தான். அப்புறம் என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவிலிருந்து நேராக உள்ளே வந்து என் நாற்காலியில் படுத்துக்கொண்டது. அதனால் அதன் பெயரும் ஞாயிறு.

ஸ்டெல்லா விளாத்திகுளம் பக்கத்துப் பெண். ஒரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வரும் சட்டையில் நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் வேலை. அவளுக்கு முன்பே இங்கே வந்துவிட்ட கணவர் நிட்டிங்கில் இரவு ஷிப்ட். குழந்தைகள் இல்லை. சென்ற வருடம் ஊரிலிருந்து வந்தபோது ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் ஒயர் கூடை. கூடைக்குள் கழுத்தில் மட்டும் வெள்ளை வளையம் போட்ட கறுப்புப் பூனை. அதுதான் காலர்.

“பஸ்ல ஏத்த மாட்டேம்னுட்டாரு கண்டக்டரு. பூனை இல்ல அண்ணாச்சி, புளின்னு சொன்னேன். மதுரை வரைக்கும் ஒரு சத்தம் போடலியே! மதுரையில புளி கத்திட்டு” என்று அவள் சொன்னது என் நோட்டில் இருக்கிறது.

நான்கு பூனை என்றால் நான்கு பூனையின் அசுத்தமும் உண்டல்லவா? என் ஞாயிறு வந்து சேர்ந்த புதிதில் அந்தப் பிரச்சினை முற்றியது. அப்போது பித்தான் பிறக்கவில்லை. மூன்று பூனைகள் மூன்று மூலையை எடுத்துக்கொண்டன. அதில் ஒரு மூலை, ஈஸ்வரியம்மா தைத்த பீஸ்களை அடுக்கி வைக்கும் இடம்.

“ஏனுங்ணா, நாளைக்கு பீஸ் வாங்கற பையர் வந்து மோந்து பாத்தா நான் என்னத்தச் சொல்றதுங்?” என்று அவர் என்னிடம்தான் வந்து கேட்டார். மூன்றாவது பூனை என்னுடையது. பதில் சொல்ல வேண்டிய கடமையும் என்னுடையது.

நான் யோசனை சொன்னேன். பெரிய பிளாஸ்டிக் டிரே ஒன்று. அதில் கட்டிங் வேஸ்ட். பனியன் துணியை வெட்டும்போது விழும் துண்டும் துணுக்கும் இந்த ஊரில் எதற்குத்தான் பயன்படாது? தலையணைக்குள் அடைக்கிறோம், மெஷின் துடைக்கிறோம், மழை பெய்தால் வாசலில் போட்டு மிதிக்கிறோம். அதை டிரேயில் கொட்டி, குளியலறை ஓரமாக வைத்துவிட்டால் எல்லாப் பூனையும் ஒரே இடத்தில் போகும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

கார்ட்டன் அட்டையில் நானே எழுதி, தேதி போட்டு, மேலே கட்டினேன்: “இந்தக் காம்பவுண்டின் எல்லாப் பூனைகளுக்கும் இதுவே இடம்.” பூனைகள் படிக்காது என்று தெரியும். ஆனாலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா? பத்தே நாளில் மூன்றும் பழகிவிட்டன. பிறகு பிறந்த பித்தானும் தாயைப் பார்த்து அங்கேயே போகக் கற்றுக்கொண்டது. ஈஸ்வரியம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். “டைம் ஆபீஸ் அண்ணன் பூனைக்கே பஞ்ச் கார்டு போட்டுட்டாருங்க!”

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். குட்டியைக் கார்ட்டன் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு இருவரும் கால்நடை மருத்துவரிடம் போனோம். இளம் பெண் மருத்துவர். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்தார். மஞ்சளாக, விரலில் ஒட்டும் பிசின் போல இருந்தது.

“பூனைங்களுக்குன்னே ஒரு கொரோனா வைரஸ் இருக்கும்மா. மனுசங்களுக்கு வந்தது இல்ல, அது வேற. உங்களுக்கு ஒட்டாது. பெரும்பாலான பூனைக்கு வந்ததே தெரியாமப் போயிடும். ரொம்பச் சில பூனைக்கு மட்டும் உடம்புக்குள்ள அந்த வைரஸ் மாறி, இப்படி வயித்துல நீர் கோத்துக்கும். இது அப்படித்தான் தெரியுது.”

“பிழைச்சிருமா டாக்டர்?” ஸ்டெல்லா கேட்டாள்.

“மருந்து இருக்கு. இங்க கையில இல்ல, வரவழைக்கணும். அதுவரைக்கும் குட்டி தாங்குமான்னு சொல்ல முடியலம்மா.” வெளியே ஒரு கன்றுக்குட்டியும் இரண்டு நாய்களும் காத்திருந்தன. “வேற பூனை இருந்தா எல்லாத்தையும் பிரிச்சு வைங்க” என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார்.

பிரித்து வைப்பதில் எங்களுக்கு என்ன குறை? நாங்கள் திருப்பூர்க்காரர்கள். கொரோனா என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் கை தானாக மாஸ்க் துணியைத் தேடும். ஆர்டர் எல்லாம் நின்றுபோன அந்த நாட்களில் ஊரே மாஸ்க் தைத்துத்தான் அடுப்பு எரித்தது. ஈஸ்வரியம்மாவின் பவர் டேபிளில் இன்னும் அந்த நான்-வோவன் துணி அரை ரோல் கிடந்தது. ஸ்டெல்லா எதற்கென்று சொல்லாமல் அதில் ஐந்து மீட்டர் கேட்டு வாங்கி, தன் வீட்டு நடுவில் திரை கட்டினாள். ஒரு பக்கம் பித்தான், மறுபக்கம் காலர்.

நான் என் பங்குக்கு நோட்டில் கட்டம் போட்டேன். எந்தப் பூனை எந்தத் தட்டில் சாப்பிட்டது, எது தும்மியது, எது எதற்குப் பக்கத்தில் எத்தனை நிமிடம் படுத்தது. மனிதர்களுக்கு வந்த கொரோனா பூனைகளுக்கும் தொற்றக்கூடும், நெருங்கிப் பழகும் பூனைகளுக்குள் மூச்சு வழியாகப் பரவக்கூடும் என்று எப்போதோ படித்திருந்தேன். ஆகவே எது எதன் முகத்தில் மூச்சு விட்டது என்பதில்தான் என் கவனம் முழுக்க. ஒன்றும் படிக்காதவனைவிட அரைகுறையாகப் படித்தவன் வெகுதூரம் தப்பாகப் போவான். சரியான வழி என்று நம்பிக்கொண்டே போவானில்லையா?

“வியாழன், மாலை 4.15. பித்தான் இறந்துவிட்டது.”

ஸ்டெல்லா வேலை முடிந்து வந்தபோது ஆறரை. அவளே செக்கிங்கில் ஒதுக்கிய ஒரு வெள்ளைச் சட்டையில் சுற்றி, பின்பக்க வேப்பமரத்தடியில் புதைத்தோம். அவள் அழவில்லை. திரையைக் கழற்றி மடித்தாள். காலர் அந்த இடத்தையெல்லாம் முகர்ந்துகொண்டே சுற்றி வந்தது.

“தாய்தான் குடுத்துருக்குமோ அண்ணாச்சி?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையில் அப்போது அப்படித்தான் நானும் நினைத்தேன்.

மறுநாள் செவலைக்குப் பேதி. வெள்ளி, காலை 7.20. ஈஸ்வரியம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஸ்டெல்லா, இங்க வா கண்ணு. உன்ர பூனைக்கு என்னமோ சீக்குன்னு டாக்டரு சொன்னாங்களாமா? எதுக்கு என்றகிட்டச் சொல்லுல?”

“பித்தானுக்குத்தான்க்கா. அதான் போயிட்டே.”

“குட்டிக்கு எங்கிருந்து வந்துச்சு? தாய்கிட்ட இருந்துதான வரும்? எங்க செவலை இந்த ஊர்லயே பொறந்து வளந்தது. ஒரு நாள் சீக்குன்னு படுத்ததில்ல. வெளியூர்ப் பூனை வந்துதான் கொண்டாந்திருக்குது.”

“காலர் நல்லாத்தானேக்கா இருக்கு. ஒரு தும்மல் கூட இல்ல.”

“கொரோனா வந்தப்பவும் அதேதான் சொன்னாங்க, நல்லா இருக்கறவங்கதான் பரப்பறாங்கன்னு! இங்க பாரு கண்ணு, உன்னய நான் ஒண்ணும் சொல்லுல. ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாக்கறேன். அப்பறம் அதைச் சாக்குல போட்டு நம்ம மொபட்டுல அவிநாசிபாளையம் தாண்டி விட்டுட்டு வர ஆள்கிட்டச் சொல்லீர்றேன். தோட்டங்காடு இருக்குது, எலி இருக்குது, அது பொழச்சுக்கும்.”

ஸ்டெல்லா தணிந்த குரலில் சொன்னாள். “அதை அனுப்புனா நானும் வீட்டைக் காலி பண்ணுதேன்க்கா. இந்த ஊருக்கு வந்தப்ப எங்கூட வந்தது அது ஒண்ணுதான்.”

ஈஸ்வரியம்மா கெட்டவர் அல்லர். ஸ்டெல்லாவின் கணவருக்கு டெங்கு வந்தபோது இரண்டு வேளையும் ரசம் வைத்துக் கொடுத்தவர். ஆனால் சொன்ன சொல்லை அவர் எளிதில் திரும்ப எடுத்ததில்லை.

நான் என்ன செய்தேன்? நோட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை மறுபடி மருத்துவரிடம் போனேன். காலர்தான் காரணம் என்றோ, இல்லை என்றோ ஒரு சொல் வாங்கிவிட வேண்டும். அன்று கூட்டம் இல்லை. மருத்துவர் நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“ஐயா, எங்க ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு எழுத மாட்டோம்” என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கேட்டார். “சாப்பாடு இருக்கு, தண்ணி இருக்கு, தூக்கம் இருக்கு, தும்மல் இருக்கு. மலம் கழிக்கிறதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே? அது எங்க போகுதுங்க?”

“அதுக்குத் தனியா இடம் இருக்குங்க டாக்டர். ஒரே டிரே. நாலும் அதுலதான். வேற எங்கயும் அசுத்தம் பண்ணாது” என்றேன். அப்போதும் பெருமையோடுதான்.

அவர் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார்.

“அதாங்கய்யா வழி.”

பூனைக் கொரோனா முக்கியமாக மலத்தில்தான் வெளியேறுமாம். பார்க்க நன்றாக இருக்கும் பூனையின் மலத்தில்கூட வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்குமாம். அடுத்த பூனை அதே டிரேயில் இறங்கும். கால் விரல் இடுக்கில் ஒட்டும். பூனை என்ன செய்யும்? வெளியே வந்து, உட்கார்ந்து, பாதத்தை நக்கிச் சுத்தம் செய்யும். முடிந்தது. மூச்சும் இல்லை, தும்மலும் இல்லை. உலகத்திலேயே சுத்தமான பிராணி, தன் சுத்தத்தாலேயே நோயை விழுங்குகிறது.

“உள்ள என்ன போட்டிருக்கீங்க?”

“கட்டிங் வேஸ்ட்.”

“பனியன் துணி ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். தூசும் துணுக்கும் கால்ல ஒட்டிக்கிட்டு வெளிய வரும். காஞ்ச இடத்துல இந்த வைரஸ் சில வாரம்கூடத் தாங்கும் ஐயா. வாரத்துக்கு ஒருக்காதான் மாத்துனீங்களா?”

தலையாட்டினேன்.

“நாலு பூனையும் எப்பவோ இந்த வைரஸைப் பாத்திருக்கும். அந்த ஆண் பூனைக்குப் பேதின்னா, அதுவா ஒரு வாரத்துல சரியாகலாம், கூட்டிட்டு வாங்க பாத்துடலாம். குட்டிக்கு வந்த மாதிரி முத்துறது அந்தந்தப் பூனையோட உடம்புக்குள்ள நடக்கிற மாற்றம். பொதுவா அந்த மாறின வைரஸ் இன்னொண்ணுக்குத் தாவறதில்ல. ஒரு பூனையை வெளிய அனுப்பறதால உங்க காம்பவுண்டுல ஒண்ணும் மாறாது. ஒரே டிரேங்கறதை மாத்துங்க.”

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒரே கணக்கு. அட்டையில் எழுதியது நான். தேதி போட்டது நான். ஆறு மாதம் அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தது நான். எதையும் விடாமல் எழுதுகிறவன், அருவருப்பாக இருக்கிறது என்று ஒன்றே ஒன்றை விட்டுவிட்டேன். அதில்தான் எல்லாம் இருந்திருக்கிறது.

நாம் பார்க்க விரும்பாத இடத்துக்கு ஓர் அட்டை கட்டிவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருப்பதற்குத்தான் பல நேரம் ஒழுங்கு என்று பெயர் வைக்கிறோமோ? தெரியவில்லை. நான் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. மொபட் வாசலில் நின்றது. அதன் மேல் ஒரு சாக்கு. ஸ்டெல்லா காலரை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த ஒயர் கூடை. சாக்கில் போட விட மாட்டாள், தானே கொண்டு போவாள் என்று தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

நான் குளியலறைப் பக்கம் போய், அட்டையை அறுத்து எடுத்துக்கொண்டு வந்து ஈஸ்வரியம்மா முன் நின்றேன்.

“எதுக்குங்ணா அதைக் கழட்டுனீங்?”

“இதனாலதாம்மா பரவுச்சு.”

“அட்டையிலயா?”

“டிரேயில. எல்லாப் பூனையும் ஒரே டிரேயில போனதால. டாக்டர் சொன்னாங்க. தப்பு காலர் மேல இல்லம்மா. யோசனை சொன்ன என் மேல.”

மருத்துவர் சொன்னதை முழுதும் சொன்னேன். நக்குவது வரை. ஈஸ்வரியம்மா முகத்தைச் சுளித்தார். பிறகு திண்டில் படுத்திருந்த செவலையைப் பார்த்தார். அது அந்த நேரம் பார்த்துப் பின்னங்காலைத் தூக்கி, பாதத்தை மும்முரமாக நக்கிக்கொண்டிருந்தது.

“டேய், சும்மா இருடா!” என்று ஓர் அதட்டல் போட்டார். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அப்ப எங்க செவலைக்கும் இருக்குமுங்களா?”

“இருக்கலாமுங்க.”

“உங்களதுக்கும்?”

“இருக்கலாம்.”

“அப்பறம் அதை மட்டும் சாக்குல போட்டு என்னங் பண்றது?” யாரையும் பார்க்காமல் சொன்னார். மொபட் மேலிருந்த சாக்கை எடுத்து மடித்தார். “போடறதுன்னா மூணையும் போடோணும். அப்பறம் எலி வந்து என்ற பீஸையெல்லாம் கடிச்சு வெக்கும். மொபட்டை உள்ள எடுத்து உடச் சொல்லுங்ணா.”

ஸ்டெல்லாவிடம் அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “டீ குடிச்சியா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். “இன்னும் இல்லக்கா” என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவுதான். கூடை உள்ளே போய்விட்டது.

இப்போது மூன்று டிரேக்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பக்கம், சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி. கட்டிங் வேஸ்ட் இல்லை, மணல். தினமும் அள்ளுகிறோம், வாரம் ஒருமுறை பிளீச்சிங் கரைத்துக் கழுவிக் காயவைக்கிறோம். என் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. எழுதக் கூசும் கட்டம்தான். எழுதுகிறேன். செவலைக்கு ஒன்பதாம் நாள் பேதி நின்றது.

ஆனால் ஸ்டெல்லா கேட்ட கேள்வி எனக்குள் நின்றுகொண்டே இருந்தது. தாய்தான் கொடுத்ததா? சென்ற வாரம் உட்கார்ந்து பழைய நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். என் பூனை வந்து சேர்ந்த முதல் வாரத்துப் பக்கம் வந்தது. சிறிய எழுத்தில், ஓரமாக: “புதன். ஞாயிறுக்குப் பேதி. வியாழன். நிற்கவில்லை. சனி. சரியாகிவிட்டது.”

அதற்கு முந்தைய பக்கங்களில் காலருக்கும் செவலைக்கும் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. அடுத்த வாரம் நான் டிரே வைத்தேன்.

மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. அன்று மாலையே ஸ்டெல்லாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

“அப்ப காலர் குடுக்கலியா அண்ணாச்சி?”

“குடுக்காம இருந்திருக்கலாம்மா. அதுக்கு மேல என்னால சொல்ல முடியல.”

“இம்புட்டுப் போதும்” என்றாள். உள்ளே போய்க் காலரைத் தூக்கிக்கொண்டு வந்து, அது திமிறத் திமிற அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஈஸ்வரியம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை அவர் வாரம் தவறாமல் படிப்பவர். படித்துவிட்டு வந்து கேட்டால், நோட்டில் இருப்பதை அப்படியே காட்டுவேன்:

“கிருமியை முதலில் கொண்டுவந்த பூனை: தெருவிலிருந்து வந்த ஞாயிறாக இருக்கலாம். எந்தப் பூனைக்கும் சோதனை செய்யவில்லை. உறுதியில்லை.”